கோடைத் தோட்டத்துக்குத் தையில் விதை

பள்ளி விடுமுறை விட்டதும் நர்சரிக்குப் போய் நாலு தக்காளி நாற்று, நாலு கத்தரி நாற்று, பூத்துக் குலுங்கும் ஒரு ரோஜாத் தொட்டி என்று வாங்கி வருவது பல வீடுகளில் வழக்கம். அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்குள் அவை தலை தொங்கிவிடுகின்றன. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியும் செடி காய்ந்தால், வெயிலின் மேல் பழி போட்டுவிட்டு ஆடி வரை தோட்டத்தையே மறந்துவிடுகிறோம். ஆனால் அதே தெருவில், அதே வெயிலில், யாரோ ஒருவர் வீட்டுப் பந்தலில் பீர்க்கங்காய் தொங்குகிறது. மல்லிகைப் புதர் நிறைய மொட்டு விட்டிருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் வெயில் ஒன்றுதான், கிணற்று நீரும் ஏறக்குறைய ஒன்றுதான். பெரும்பாலும் வேறுபடுவது விதைத்த நாள். கோடையில் ஒரு செடி பிழைக்குமா என்பதைச் சித்திரையில் நாம் ஊற்றும் தண்ணீரைக் காட்டிலும், தை மாதத்தில் அதன் வேர் எங்கே இருந்தது என்பதே அதிகம் தீர்மானிக்கிறது. கோடைத் தோட்டம் போட நினைப்பவர் மனத்தில் முதலில் பதிய வேண்டியது இதுதான். பயிர்த் தேர்வு, மூடாக்கு, பாசனம் எல்லாம் இதற்குப் பின்னால் வருபவை.

தை ஏன் சரியான மாதம்

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. பொங்கல் வரும்போது மேல்மண் உலரத் தொடங்கியிருந்தாலும் ஓரடிக்குக் கீழே ஈரம் தங்கியிருக்கும். இரவில் குளிர்ச்சி, பகலில் இதமான வெயில், மேலே காய்ந்து கீழே ஈரமான மண் என்று மூன்றும் சேர்ந்து அமைவது தை, மாசியில்தான். இந்த நிலையில் முளைக்கும் செடியின் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்குகிறது. பங்குனியில் விதைத்த செடிக்கு இந்த வாய்ப்பு இல்லை. கீழ்மண் வறண்டிருக்கும், நாம் தினமும் தெளிக்கும் நீர் மேலே இரண்டு அங்குலத்தை மட்டும் நனைக்கும், வேரும் அங்கேயே பரவி நின்றுவிடும். சித்திரை நண்பகலில் மூடாக்கு இல்லாத மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும். அந்தச் சூட்டில் மேல்வேர் வெந்துபோகிறது. ஒரு சாண் ஆழத்தில் சூடு வெகுவாகக் குறைந்துவிடுவதால் ஆழமாக இறங்கிய வேர் அதே நேரத்தில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

உழவர்களின் பட்டக் கணக்கும் இதையே சொல்கிறது. பாகல், புடலை, பீர்க்கு, சுரை ஆகிய கொடிக்காய்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் பருவங்கள் இரண்டு: ஒன்று ஜூலை, மற்றொன்று ஜனவரி. வெண்டைக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான பருவத்தோடு பிப்ரவரியையும் சேர்க்கிறார்கள். திண்டிவனம், மதுராந்தகம் பக்கத்தில் சாலையோரம் குவிந்து கிடக்கும் தர்பூசணி, வெயில் ஏறியபின் விதைத்தது இல்லை. மார்கழி, தையில் விதைத்துக் கோடையில் அறுவடைக்கு வருவது. வெயில் காலத்துக்கே உரிய பழம் என்று நாம் நினைப்பதும்கூட வெயிலுக்கு முன்பே வேரூன்றியிருக்கிறது.

கொடிக்காய்களில் இன்னொரு காரணமும் உண்டு. இவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியாகப் பூக்கும். பகல் நீண்டு வெப்பம் ஏறும்போது ஆண் பூக்களின் எண்ணிக்கை கூடி, பெண் பூக்கள் குறையும். பங்குனியில் விதைத்த பூசணிக் கொடி பந்தல் முழுக்கப் பூத்தும் காய் பிடிக்காமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உரம் போதவில்லை என்று எண்ணி யூரியா போட்டால் கொடி இன்னும் இலையாகத்தான் ஓடும். தைத் தொடக்கத்தில் விதைத்த கொடி மாசியிலேயே பூக்கத் தொடங்கிவிடுவதால், இரவுகள் இன்னும் குளிர்ந்திருக்கும்போதே பெண் பூக்களைத் தந்து, பங்குனியில் காய்ப்புக்கு வந்துவிடும். பீர்க்கும் பாகலும் விதைத்து ஏறத்தாழ இரண்டு மாதத்தில் முதல் காயைத் தரும். புடலை இன்னும் இரண்டு மூன்று வாரம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். இந்தக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டுப் பார்த்தாலே விதைக்க வேண்டிய நாள் தெரிந்துவிடும்.

வெயிலைத் தாங்கும் காய்கள்

காலம் சரியாக இருந்தாலும் பயிர் தவறினால் பயனில்லை. தக்காளி தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியிலிருந்து வந்தது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்காதபோது அதன் மகரந்தம் வலுவிழந்து பூ உதிர்ந்துவிடும். சென்னையிலும் திருச்சியிலும் மதுரையிலும் சித்திரை இரவுகள் இந்த எல்லைக்கு மேலேயேதான் இருக்கின்றன. அந்த மாதத்தில் தக்காளிச் செடி உயிரோடு இருக்கலாம், காய்க்காது. தக்காளி வேண்டுமென்றால் கார்த்திகையிலேயே நாற்று விட்டு, பங்குனிக்குள் பறித்து முடித்துவிட வேண்டும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கேரட், பீட்ரூட் ஆகியவை சமவெளியில் குளிர்காலத்துக்கு உரியவை. கொத்தமல்லி வெயிலில் இலை விடாமல் பூவுக்குப் போய்விடும். நாட்டு அவரையின் கதை வேறு. பழைய ரகங்கள் பகல் குறுகும்போதுதான் பூக்கும். ஆடியில் போட்டால் கார்த்திகையில் பூத்துத் தையில் காய்க்கும் கொடியைக் கோடையில் நம்பிப் பயனில்லை. இந்தப் பட்டியலை ஒதுக்கி வைப்பதே பாதிச் செலவையும் முழு ஏமாற்றத்தையும் மிச்சமாக்கும்.

கோடைக்கென்றே அமைந்த காய்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. அவற்றில் முதலிடம் கொத்தவரைக்கு. வறண்ட நிலத்துக்குப் பழகிய பயிர், ஆணிவேர் ஆழமாக இறங்கும், காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சுகளில் சேர்த்துக்கொள்ளும். தட்டைப்பயறும் அதே குணமுடையது. பிஞ்சாகப் பறித்தால் காராமணிப் பொரியல், முற்றினால் பயறு. வெண்டை வெயிலை விரும்பும் பயிர். விதையை இரவு முழுக்க ஊறவைத்து ஊன்றினால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். 45 நாளில் பறிப்புக்கு வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தால்தான் நார் ஏறாது. வெள்ளரி ஒன்றரை மாதத்தில் பிஞ்சு தரும். கத்தரியும் மிளகாயும் நடு வெயிலில் காய்ப்பைச் சற்று நிறுத்தினாலும், செடி தாங்கி நின்று மழை விழுந்ததும் மறுபடி பிடித்துக்கொள்ளும். இவற்றுக்கு மார்கழியில் நாற்று விட்டு, தை பிற்பகுதியில் நட வேண்டும். மற்றபடி வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, கொடிக்காய்கள் எல்லாவற்றையும் நேரடியாக ஊன்றுவதே நல்லது. பிடுங்கி நடும்போது ஆணிவேரின் நுனி அறுந்துவிட்டால் அது மறுபடி நேராக இறங்காது. கோடைக்குத் தேவையான ஒரே பலத்தை நாமே முறித்ததாக ஆகிவிடும்.

கீரைகள் தனிக் கவனத்துக்கு உரியவை. முளைக்கீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை ஆகியவை நல்ல வெயிலிலும் சூட்டிலும் ஒளிச்சேர்க்கையைத் திறமாக நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்தவை. குறைந்த நீரில் அதிக இலை தருபவை. விதைத்து 25 நாளுக்குள் பறித்துவிடலாம் என்பதால் தண்ணீர் தட்டுப்பாடு எந்த வாரம் வந்தாலும் இழப்பு சிறிது. பருப்புக்கீரை இன்னும் ஒரு படி மேலே. வறட்சி வந்தால் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து காற்றை உள்வாங்கி, நீரிழப்பைத் தவிர்க்கும் ஆற்றல் அதற்கு உண்டு. கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி மூன்றும் பிற்பகல் நிழல் விழும் இடத்தில் கோடை முழுக்க நிற்கும். தோட்டத்துக்கு ஒரே ஒரு பாத்திதான் ஒதுக்க முடியும் என்றால் அதைக் கீரைக்கே கொடுங்கள்.

மல்லிகை கற்றுத்தரும் பாடம்

கோடையின் பூ மல்லிகை. மாசி, பங்குனியில் தொடங்கி ஆனி வரை அதன் உச்சப் பருவம். ஆனால் அந்த மொட்டுகளுக்கான வேலை கார்த்திகையிலேயே நடந்தாக வேண்டும். மல்லிகை புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு விடும்; பழைய கிளையில் விடாது. அதனால்தான் நவம்பர் கடைசி வாரத்தில் செடியைத் தரையிலிருந்து ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் உயரத்தில் கவாத்து செய்யச் சொல்கிறார்கள். கவாத்துக்கு முன் சில நாள் தண்ணீரை நிறுத்தி, வெட்டியபின் இலைகளை உருவிவிட்டு, தூரைச் சுற்றிக் கொத்தித் தொழுவுரமும் வேப்பம்புண்ணாக்கும் இட்டு நீர் பாய்ச்சினால், தையில் துளிர்த்து மாசியில் அரும்பு கட்டும். கவாத்து செய்யாத செடி பச்சைப் புதராக வளர்ந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கும். முல்லைக்கு இதே வேலையை ஜனவரிக் கடைசியில் செய்ய வேண்டும். காய்கறிக்கு நாம் சொன்ன நியாயத்தை மல்லிகை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது: கோடையில் மலர்வது குளிர்காலத்தில் செய்த வேலையின் பலன். இதுவரை மல்லிகை இல்லாதவர்கள் வேர் பிடித்த பதியன் செடியாக வாங்கித் தையில் நடலாம். முதல் கோடையில் பூ கொஞ்சமாகத்தான் வரும், அடுத்த கார்த்திகையில் கவாத்து செய்தபின் நன்றாகப் பூக்கும்.

விதையிலிருந்தே வளர்க்கக்கூடிய கோடைப் பூக்களில் கோழிக்கொண்டை, வாடாமல்லி, செண்டுமல்லி, சூரியகாந்தி, ஜினியா ஆகியவை நம்பகமானவை. நித்தியகல்யாணி சுவரிடுக்கில்கூட நிற்கும். டேபிள் ரோஸ் என்கிற பத்துமணிப்பூவுக்கு விதைகூட வேண்டாம். ஒரு விரல் நீளத் தண்டை ஈர மண்ணில் செருகினால் போதும், நேர் வெயிலில்தான் மலரும். கனகாம்பரத்துக்கு மட்டும் கொஞ்சம் நிழல் வேண்டும். முருங்கையோ தென்னையோ இருந்தால் அதனடியில் வையுங்கள். சங்குப்பூ கொடியாக ஏறி மேற்குச் சுவரை மூடும். அரளி வறட்சியை நன்றாகத் தாங்கினாலும் அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சு. சிறு குழந்தைகளும் ஆடு மாடும் இருக்கும் வீட்டில் தவிர்ப்பது நல்லது.

தண்ணீர் தட்டும் காலத்தில் பூச்செடிக்கு ஏன் நீர் விரயம், காய்கறி மட்டும் போதாதா என்று சிலர் கேட்பார்கள். காய்கறிக்காகவேதான் பூ வேண்டும். கொடிக்காய்களில் ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவுக்குக் கொண்டு சேர்க்கப் பூச்சி வேண்டும். சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்கும் சித்திரையில் தேனீ தேடி வர ஒரு காரணம் வேண்டும். பந்தலின் காலடியில் சூரியகாந்தியும் செண்டுமல்லியும் பூத்திருந்தால் அவற்றுக்கு வரும் தேனீ பூசணிப் பூவிலும் இறங்கும். நகரத்து மாடியில் தேனீ வரவே இல்லையென்றால் கையால் மகரந்தம் சேர்க்கலாம். பெண் பூவின் காம்புக்கும் இதழுக்கும் நடுவே கோலிக்குண்டு அளவில் ஒரு பிஞ்சு இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் நீளக் காம்புதான். ஆண் பூவைப் பறித்து இதழ்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, நடுவில் மஞ்சள் பொடி அப்பிய தண்டைப் பெண் பூவின் நடுவே மெதுவாக ஒற்ற வேண்டும். நேரம் முக்கியம். பூசணியும் பாகலும் விடியலில் விரியும். காலை எட்டு மணிக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். சுரை, பீர்க்கு, புடலை மூன்றும் மாலையில் விரிபவை. இருட்டும் நேரத்தில்தான் அவற்றுக்குச் சேர்க்க முடியும். காலையில் போய்ச் சுரைப்பூவைத் தேடினால் வாடிய இதழ்தான் இருக்கும். மகரந்தம் சேராத பிஞ்சு மூன்று நான்கு நாளில் மஞ்சளாகி வெம்பி உதிரும். சேர்ந்த பிஞ்சு பச்சை மாறாமல் பருக்கத் தொடங்கும்.

மண், மூடாக்கு, தண்ணீர்

வேர் இறங்க வேண்டுமென்றால் இறங்குவதற்கு மண் இடம் கொடுக்க வேண்டும். மார்கழியில் பாத்தியை ஓரடி ஆழம் கொத்திப் புரட்டி, மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ தாராளமாகக் கலந்து விடுங்கள். மழைக்காலத்துக்கு மேட்டுப்பாத்தி நல்லது. கோடைக்கு அதற்கு நேர்மாறாக, பாத்தி தரைமட்டத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே பள்ளமாக இருந்தால் ஊற்றிய நீர் ஓடாமல் நின்று இறங்கும். விதை முளைத்து மூன்று நான்கு இலை விட்டதும் தினமும் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை நிறுத்திவிடுங்கள். தரையில் வைத்த செடிக்கு மாசியில் மூன்று நாளுக்கு ஒரு முறை, ஆனால் ஓரடி ஆழம் நனையும்படி ஊற்றினால், இடைப்பட்ட நாளில் மேல்மண் காயும்போது வேர் கீழே போகும். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் செருகிப் பாருங்கள். நுனியில் குளிர்ச்சி தெரிந்தால் இன்று தண்ணீர் தேவையில்லை. நண்பகலில் இலை வாடுவதை மட்டும் பார்த்து ஊற்றக்கூடாது. பூசணி போன்ற அகல இலைச் செடிகள் மண்ணில் ஈரம் இருந்தாலும் உச்சி வெயிலில் துவண்டு, மாலையில் தானே நிமிரும். காலையிலும் துவண்டிருந்தால்தான் அது தாகம்.

மாசி முடிவதற்குள் மூடாக்கு போட்டாக வேண்டும். காய்ந்த இலை, வைக்கோல், கரும்புச் சோகை, தென்னை மட்டைத் துண்டு என்று கிடைப்பது எதுவானாலும் மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள்; தண்டை ஒட்டி மட்டும் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் அடித்தண்டு அழுகும். பானைக்கு மூடி போல மண்ணுக்கு இது. வெயில் நேராக மண்ணில் படாது, ஆவியாதல் குறையும், மண்புழு மேலே வரும். மூடாக்கினால் கரையான் வருமே என்ற அச்சம் நியாயமானதுதான். கரையான் காய்ந்த பொருளைத் தேடி வருகிறது. மூடாக்கின் அடியில் ஈரம் இருக்கும் வரை பொதுவாக அது செடியை விட்டு விலகியே இருக்கும். தொல்லை இருக்கும் இடங்களில் வேப்பம்புண்ணாக்கைத் தூவி அதன்மேல் மூடாக்கு போடலாம்.

எவ்வளவு தண்ணீர் என்பதற்குக் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்றால் ஒரு லிட்டர். உள்மாவட்டங்களில் சித்திரை வெயிலில் செடி நிறைந்த பாத்தி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர் நீரை இழக்கும் என்று வைத்துக்கொண்டால், இரண்டுக்கு இரண்டு மீட்டர் பாத்திக்கு 24 லிட்டர், அதாவது இரண்டு வாளிக்குக் கொஞ்சம் குறைவு. மூடாக்கு இருந்தால் இன்னும் குறையும். ஊற்ற உகந்த நேரம் அதிகாலை. பகலில் வெயிலில் கிடந்த ரப்பர் குழாயைத் திறந்தால் முதலில் வருவது கை வைக்க முடியாத சுடுநீர். அதைக் கீழே விட்டுவிட்டுத்தான் செடிக்குத் திருப்ப வேண்டும். பந்தல் கொடிக்கு மண்பானை நல்ல துணை. பூச்சுப் பூசாத பானையைக் கழுத்து வரை கொடியின் அருகே புதைத்து, நீர் நிரப்பி மூடி வைத்தால், சுற்றியுள்ள மண் காயக் காயப் பானையின் சுவர் வழியாக நீர் கசியும். அரிசி, பருப்பு, காய் கழுவிய நீர் அப்படியே கீரைக்குப் போகலாம். சோப்பு நீரைக் கல்வாழையும் வாழையும் தாங்கும், கீரைக்கு வேண்டாம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரில் உப்பு செறிந்திருக்கும். அதையே தொடர்ந்து ஊற்றினால் இலை நுனி கருகும், மண்ணும் கெடும்.

மாடித்தோட்டத்தில் இந்த விதிகளெல்லாம் இன்னும் இறுக்கமாகப் பொருந்தும். பையில் வேர் இறங்க ஆழமில்லை. தளத்தின் சூடு அடியிலிருந்தும் ஏறுகிறது. ஆகவே சிறு பைகள் பலவற்றுக்குப் பதில் பெரிய பைகள் சிலவே நல்லது. கொடிக்காய்க்கு 40 லிட்டருக்குக் குறையாத தொட்டி, வெண்டைக்கும் கத்தரிக்கும் 20 லிட்டர் பை, கீரைக்கு ஒரு சாண் ஆழமுள்ள அகலத் தட்டு என்று வைத்துக்கொள்ளலாம். மண், மக்கிய உரம், நன்றாக அலசி உப்பு நீக்கிய தென்னைநார்க் கழிவு மூன்றும் சம அளவு கலந்தால் கனமும் குறையும், ஈரமும் நிற்கும். பைகளைத் தளத்தில் நேராக வைக்காமல் செங்கல்லின் மேல் வையுங்கள். ஒன்றையொன்று நெருக்கி வைத்தால் பக்கவாட்டு வெயில் குறையும். நனைந்த 20 லிட்டர் பை ஏறக்குறைய 20 கிலோ இருக்கும் என்பதை மனத்தில் வைத்து, தூண், உத்தரம் வரும் பக்கமாகப் பாரத்தை அமைக்க வேண்டும். பைகளுக்கு மட்டும் கோடையில் தினசரி நீர் தவிர்க்க முடியாதது.

எழும் மறுப்புகள்

ஆடிப்பட்டம் தேடி விதை என்றுதானே முன்னோர் சொன்னார்கள், தைக்கு ஏன் இத்தனை வக்காலத்து என்று கேட்கலாம். அந்தப் பழமொழி மானாவாரி நிலத்துக்கு மிகச் சரி. ஆடிப்பெருக்கோடு ஆற்றில் நீர் வரும், பின்னால் வடகிழக்கு மழையும் காத்திருக்கும். விதைத்தவருக்குத் தண்ணீர்க் கவலை இல்லை. ஆனால் நம் உழவில் பட்டம் ஒன்றே ஒன்று இல்லை. தைப்பட்டமும் மாசிப்பட்டமும் சித்திரைப்பட்டமும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சில பயிர்களுக்கு உரியது. கைவாளியில் நீர் ஊற்றக்கூடிய வீட்டுத் தோட்டத்துக்குத் தைப்பட்டம் ஆடிக்குச் சமமான வாய்ப்பு. சில வகையில் அதைவிட மேல் என்றுகூடச் சொல்லலாம். பாகல், சுரை, பீர்க்கில் முட்டையிட்டுக் காயை அழுகவைக்கும் பழ ஈ மழைக்காலத்தில் பெருகும், வறண்ட வெப்பத்தில் குறையும். ஆடியில் போட்ட பாகலில் இரண்டில் ஒரு காய் சொத்தையாகி அலுத்தவர்கள் தைப்பட்டத்தைப் பரீட்சித்துப் பார்க்கலாம். கோடைக்கென்று தனிப் பூச்சிகள் உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. செஞ்சிலந்தி, இலைப்பேன், வெள்ளை ஈ, மாவுப்பூச்சி நான்கும் வறட்சியில்தான் பெருகும். வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் வந்த வெண்டைக்கு மருந்தில்லை. செடியைப் பிடுங்கி அகற்றுவதும், அர்கா அனாமிகா போன்ற தாங்கும் ரகத்தை விதைப்பதும்தான் வழி. மற்றவற்றுக்கு வாரம் ஒரு முறை இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, வேகமாக நீர் பீய்ச்சிக் கழுவி, லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளித்தால் பெரும்பாலும் கட்டுக்குள் நிற்கும். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் தோட்டம் தேவையா என்ற கேள்வி கனமானது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, லாரிக்காகக் குடத்தோடு மக்கள் வரிசையில் நின்றதை மறக்க முடியாது. அப்படிப்பட்ட ஆண்டில் யாரும் பந்தல் போட வேண்டியதில்லை. ஆனால் தையில் திட்டமிடுவதன் பலன் அங்கேயும் இருக்கிறது. மார்கழி முடிவில் ஏரியும் கிணறும் எவ்வளவு நிறைந்திருக்கின்றன என்பது தெரிந்துவிடும். அதைப் பார்த்துத் தோட்டத்தின் அளவைச் சுருக்கிக்கொள்ளலாம். மழை குறைந்த ஆண்டில் சமையலறைக் கழுவுநீரில் வாழக்கூடிய இரண்டு தட்டுக் கீரையும் ஒரு மணத்தக்காளியும் போதும். சித்திரையில் ஆசைப்பட்டு நாற்று வாங்கியவரிடம் அந்தத் தெரிவு இல்லை. அவர் செடியையும் இழந்து, அதற்கு ஊற்றிய நீரையும் இழக்கிறார்.

நிழல்வலை கட்டினால் எந்தப் பயிரையும் எந்த மாதத்திலும் வளர்க்கலாமே என்பது இன்னொரு வாதம். வலை வெயிலைத் தடுக்கும். நாற்றுக்கும் கீரைக்கும் அது உண்மையிலேயே உதவும். ஆனால் தக்காளியின் பூவை உதிர்ப்பது இரவு வெப்பமும்தான். இரவின் சூட்டை வலை குறைக்காது. ஐம்பது சதவீத வலையின் அடியில் வெண்டையும் பாகலும் ஒளி போதாமல் நெடுநெடுவென்று வளர்ந்து குறைவாகக் காய்க்கும். காய்க்கும் பயிருக்கு மேற்குப் பக்கத்தில் மட்டும், பிற்பகல் வெயிலைத் தடுக்கும்படி, 35 சதவீத வலை போதும். அந்த இடத்தில் பீர்க்கு, சங்குப்பூ போன்ற கொடிகளை ஏற்றினால் வலை வாங்கும் செலவும் மிச்சம்.

இதைப் படிக்கும்போதே பங்குனி வந்துவிட்டால் என்ன செய்வது? கீரையும் தட்டைப்பயறும் கொத்தவரையும் அப்போதும் போடலாம். பத்துமணிப்பூவின் தண்டைச் செருகலாம். இவற்றைத் தவிர வேறு எதையும் மே மாதம் 4 முதல் 28 வரையிலான அக்னி நட்சத்திர நாட்களில் புதிதாக நடாதீர்கள். மீதிப் பாத்திகளைக் கொத்தி மூடாக்கு போட்டு வைத்துவிடுங்கள். கோடை மழை ஒன்று விழுந்ததும் சணப்பு விதைத்து, பூக்கும் நேரத்தில் மடக்கிவிட்டால் ஆடிக்கு மண் கொழுத்திருக்கும். அந்த ஆண்டைத் தோல்வியாகக் கருத வேண்டாம். அடுத்த தைக்கான தயாரிப்பு அங்கிருந்தே தொடங்கிவிட்டது.

மொத்த வேலையையும் மாத வரிசையில் பார்த்தால் பாரம் எங்கே விழுகிறது என்பது புரியும். கார்த்திகையில் மல்லிகைக் கவாத்து, தக்காளி நாற்று. மார்கழியில் மண் புரட்டல், உரமிடல், கத்தரி, மிளகாய் நாற்று. தை முதல் வாரத்தில் கொடிக்காய் விதைப்பு, தை கடைசியில் வெண்டை, கொத்தவரை, பூ விதைகள், நாற்று நடவு. மாசியில் பந்தல், மூடாக்கு, ஆழப் பாசனம். பங்குனியில் முதல் பறிப்பு. சித்திரையில் பறிப்பதும் நீர் ஊற்றுவதும் இலையடியைப் புரட்டிப் பார்ப்பதும் தவிரப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. வைகாசியில் ஒவ்வொரு நாட்டுக் கொடியிலும் திடமான ஒரு காயை முற்றவிட்டு, விதை எடுத்துச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தி வைத்துக்கொண்டால் அடுத்த பட்டத்துக்கு விதைக்கடைக்குப் போக வேண்டியதில்லை. இந்த ஏழு மாதங்களில் வெயில் தகிக்கும் மாதத்துக்குத்தான் உழைப்பு மிகக் குறைவு. சித்திரையில் நீங்கள் தோட்டத்தோடு போராடிக்கொண்டிருந்தால் தையில் ஏதோ ஒரு வேலை விட்டுப்போயிருக்கிறது. அது எந்த வேலை என்று கண்டறிந்து நாட்காட்டியில் குறித்து வையுங்கள், அடுத்த கோடை எளிதாகும்.